ஒரே தாளில் மூன்று எண்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார். நீண்ட கடிதம். தேவையான பகுதியை மட்டும், அவர் அனுமதியோடு, இங்கே தருகிறேன்:

"அம்மாவுக்கு 74 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று முடிவு செய்து, இல்ல அந்திமகாலப் பராமரிப்புக் குழுவின் கவனிப்பில் வீட்டோடு இருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் திடீரென்று தூங்கி வழிந்தார். என்னைப் பார்த்தே 'யாரும்மா நீ' என்றார். மருத்துவமனையில் கால்சியம் கூடிவிட்டது என்று சொல்லி டிரிப் ஏற்றி, ஏதோ ஒரு மருந்தையும் ஏற்றினார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து 'காப்பி கொண்டா' என்றார். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் நன்றாக இருந்தார். சக்கர நாற்காலியில் புளோக்குக்குக் கீழே போய் அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொண்டிருந்தார். எட்டு நாளைக்கு முன் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். சோடியம் 128, பொட்டாசியம் 5.6, கால்சியம் 2.45. கால்சியம் சரியாகிவிட்டது, சோடியம்தான் குறைந்துவிட்டது என்று கஞ்சியில் உப்பைக் கூட்டினேன். கால்சியம் மறுபடி ஏறக்கூடாது என்று கேழ்வரகுக் கூழை நிறுத்திவிட்டேன். ஆனாலும் நான்கு நாளாகத் திரும்பவும் தூக்கம். மலம் போய் ஐந்து நாளாகிறது. தண்ணீர், தண்ணீர் என்கிறார். வீட்டுக்கு வந்த தாதி, 'நோய் முற்றுகிறது போலிருக்கிறது, இனிமேல் ரத்தம் எடுக்க வேண்டாமென்று நினைக்கிறேன், டாக்டரிடம் பேசுகிறேன்' என்று சொல்லிப் போனார். திருச்சியிலிருந்து அண்ணன் தினமும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, 'வெறும் உப்புக் குறைச்சலுக்கு அம்மாவைச் சாக விடுறியா? டிரிப் ஏத்தச் சொல்லு' என்கிறார். அம்மா நினைவாக இருந்தபோது, 'பேத்தி மொகம் தெரியிற வரைக்கும் பாருங்க, அதுக்கப்புறம் இழுத்துப் பிடிக்காதீங்க' என்று சொல்லியிருக்கிறார். நான் என்ன செய்யட்டும்? நேற்று இளநீர் கேட்டார். அதையாவது கொடுக்கலாமா?"

கடிதத்தோடு ரத்தப் பரிசோதனைத் தாள்களின் படமும், மருந்துப் பெட்டியின் படமும் வந்திருந்தன. அவசரமானதை அன்று மாலையே அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் ஆகும் என்பதால் முழுப் பதிலையும் இங்கே எழுதுகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

அடுத்த வருகை வரைக்கும் காத்திருக்காதீர்கள். இப்போதே உங்கள் பராமரிப்புக் குழுவின் எண்ணுக்கு அழையுங்கள். "அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறார்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அந்த வாக்கியத்தை அவர்கள் தினமும் பல வீடுகளில் கேட்கிறார்கள். "மருத்துவமனைக்குப் போகும்முன் இருந்த அதே மாதிரித் தூக்கம், நான்கே நாளில் வந்தது, ஓயாத தாகம், ஐந்து நாளாக மலம் போகவில்லை" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரக் கால்சியத்தை ஆல்புமினோடு சேர்த்துத் திருத்திப் பார்த்தீர்களா?"

ஏன் இந்தக் கேள்வி? உங்கள் தாளில் நீங்கள் எழுதாமல் விட்ட நான்காவது எண் ஒன்று, கீழ் ஓரத்தில் இருக்கிறது: ஆல்புமின் 24. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தில் கிட்டத்தட்டப் பாதி, ஆல்புமின் என்ற புரதத்தின் முதுகில் ஏறித்தான் போகிறது. மூளையையும் குடலையும் தொந்தரவு செய்வது மீதிப் பாதி, தனியாகத் திரிவது. நோயில் இளைத்தவர்களுக்கு ஆல்புமின் குறைந்துவிடும். ஏறிப்போக ஆள் இல்லாததால் மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரியும்; தனியாகத் திரிவது குறைந்திருக்காது. அதற்காகத்தான் ஒரு சின்னக் கணக்கு. ஆல்புமின் 40க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.02 கூட்ட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 16 கிராம் குறைவு. 16 முறை 0.02 என்றால் 0.32. தாளில் உள்ள 2.45ஓடு கூட்டினால் 2.77. கால்சியத்தின் மேல் எல்லையே ஏறத்தாழ 2.6தான். ஆக, நட்சத்திரக் குறி இல்லாமல் சாதுவாக அச்சாகியிருந்த அந்தக் கால்சியம் எட்டு நாளைக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட்டது.

மருத்துவமனைத் தாளில் 2.99 என்றும் 3.31 என்றும் இரண்டு கால்சியம் இருப்பதைப் பார்த்து அச்சுப் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. அன்றும் ஆல்புமின் 24. 2.99ஓடு 0.32 சேர்ந்தால் 3.31. அங்கே கணக்கையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை வந்த தாளில் போடவில்லை, அவ்வளவுதான். இந்தத் திருத்தக் கணக்கு குத்துமதிப்பானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனியாகத் திரியும் கால்சியத்தை நேரடியாக அளக்கும் சோதனையே சரியானது. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட இந்தக் கணக்கு போதும்.

தாதி மேல் கோபப்படாதீர்கள். தூக்கம், தடுமாற்றம், சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் கடைசிக் காலத்திலும் வரும், கால்சியம் ஏறினாலும் வரும். படுக்கை ஓரத்தில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். பிரித்துக் காட்டுபவை சில உண்டு. நோய் முற்றும்போது பெரும்பாலும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைவார்கள். உங்கள் அம்மா நான்கே நாளில் சரிந்திருக்கிறார். அடங்கப் போகிறவர்கள் பொதுவாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்பதில்லை. கால்சியம் ஏறியவர்கள் கேட்பார்கள். மலச்சிக்கல், சிறுநீர் அதிகம் போதல், குமட்டல் ஆகியவையும் கால்சியத்தின் பக்கமே கை காட்டுகின்றன. போன முறை போட்ட மருந்தின் வேலை மூன்று நான்கு வாரத்தில் தேய்வது வழக்கம். தேதியைப் பாருங்கள், சரியாகப் பொருந்துகிறது.

மார்பகம், நுரையீரல் போன்ற இடங்களில் தொடங்கும் சில புற்றுநோய்கள், ஹார்மோன் போல வேடமிட்ட ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகின்றன. அது எலும்பிலிருந்து கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். சிறுநீரகம் அதை வெளியேற்றுவதையும் தடுக்கும். எலும்புக்குப் பரவிய கட்டி தானும் அந்த இடத்தில் அரிக்கும். கூடிய கால்சியம் சிறுநீரகத்தின் தண்ணீர் சேமிக்கும் திறனைக் கெடுக்கிறது. சிறுநீர் அதிகம் போகிறது, உடல் வறள்கிறது, வறண்ட உடலில் கால்சியம் இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உடல் வறளும்வரை விட்டுவிடக் கூடாது என்று அவசரப்படுத்துகிறேன்.

கேழ்வரகுக் கூழை நிறுத்தியதற்காக அம்மா திட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா சொன்னதுதான் நியாயம். இந்தக் கால்சியம் சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, எலும்பிலிருந்து வருகிறது. கூழ், பால், மோர், தயிர் எதையும் நிறுத்த வேண்டாம். விழுங்கும் தெளிவு இருக்கும்போது கொடுங்கள்.

நிறுத்த வேண்டியது வேறெங்கோ இருக்கிறது. உங்கள் மருந்துப் பெட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலை அறையில் பெரிய வெள்ளை மாத்திரை ஒன்று: வைட்டமின் டி கலந்த கால்சியம். எலும்பு மருந்து போட்டுக்கொண்டிருந்த காலத்தில் எழுதிக் கொடுத்தது. அன்றைக்கு அது சரியான மாத்திரைதான். இன்று அதற்கு அந்தப் பெட்டியில் வேலை இல்லை. குழுவிடம் பேசி முடிக்கும்வரை அதை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பக்கத்திலேயே பலதுறை மருந்தகத்தில் பல வருடமாக வாங்கும் ரத்த அழுத்த மாத்திரை இருக்கிறது. லோசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் ஒன்றாகச் சேர்ந்தது. மருத்துவமனைத் தாளில் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறது. பணிப்பெண் பழைய பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. புதுப் பட்டியலை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை.

அந்த ஒரு மாத்திரை என்ன செய்யும் தெரியுமா? தயசைடு சோடியத்தை இறக்கும், கால்சியத்தை ஏற்றும். லோசார்ட்டான் பொட்டாசியத்தை ஏற்றும். உங்களைக் கலங்கடித்த மூன்று எண்களிலும் அதற்குக் கொஞ்சம் பங்கு உண்டு. இளைத்துப் போய், படுத்தே இருப்பவருக்கு ரத்த அழுத்த மாத்திரை தேவைப்படுவதும் அரிது. பெட்டியைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பி, ஒவ்வொரு மாத்திரையையும் "இது இன்னும் எதற்கு?" என்று கேளுங்கள். என் அனுபவத்தில் பல வீடுகளில் ரத்தப் பரிசோதனையைவிட மருந்துப் பெட்டியே அதிகம் சொல்லும்.

இனி கால்சியத்துக்கு என்ன செய்வது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். கால்சியமும் சிறுநீரகமும் பார்த்தால் போதும். ஏறியிருந்தால் இன்னொரு முறை வைத்தியம் செய்து பார்க்கலாம். காரணம் அம்மாவே சொன்னது. பேத்தி முகம் தெரியும்வரை பாருங்கள் என்றார். இந்தக் கால்சியம் பறிப்பது அதைத்தான். போன முறை அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடிந்தது.

வைத்தியம் இரண்டு பகுதி. முதலில் உப்புநீர் டிரிப், வறட்சியைப் போக்க. பிறகு எலும்பு கரைவதை நிறுத்த ஸோலெட்ரோனிக் அமிலம். வழக்கமாக 4 மி.கி., குறைந்தது 15 நிமிடமாக நரம்பில் ஏற்றுவது. போன முறை ஏற்றியது இதுதான். இது உடனே வேலை செய்யாது, இரண்டு முதல் நான்கு நாள் எடுக்கும். அதனால்தான் அம்மா நாலாம் நாள் காப்பி கேட்டார். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், அல்லது டெனோசுமாப் என்ற ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள். சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கும் கால்சிடோனின் என்ற ஊசியும் இருக்கிறது. இரண்டு நாளில் அதன் வீரியம் போய்விடும், இடைவெளியை நிரப்ப மட்டும் பயன்படும்.

எங்கே செய்வது என்பதையும் கேளுங்கள். அவசரப் பிரிவின் தள்ளுபடுக்கையில் இரவெல்லாம் கிடப்பதுதான் ஒரே வழி என்று எண்ண வேண்டாம். நேரடியாகப் படுக்கைக்குச் சேர்க்க முடியுமா, அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில் சில நாள் வைத்துச் செய்ய முடியுமா, 2024 ஏப்ரலிலிருந்து பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்ட 'எம்ஐசி அட் ஹோம்' வழியாக வீட்டிலேயே டிரிப் ஏற்ற அம்மாவின் நிலை இடம் கொடுக்குமா என்று குழுவிடம் கேட்கலாம். எல்லாருக்கும் எல்லாம் பொருந்தாது. ஆனால் கேட்டால்தான் தெரியும்.

தொடங்கும் முன்பே முடிவு நாளையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் அம்மா கண் திறந்து பேசினால் நல்லது. பேசவில்லை என்றால், எண் இறங்கியிருந்தாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, அத்தோடு ஊசியும் ரத்தம் எடுப்பதும் நின்றுவிடும். இதை முதல் நாளே பேசாவிட்டால் "இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே" என்று இழுத்துக்கொண்டே போகும். அதைத்தான் அம்மா வேண்டாமென்றார்.

ஒரு கசப்பான உண்மையையும் சொல்ல வேண்டும். கால்சியம் இப்படி மறுபடி ஏறுவது, உள்ளே நோய் வேகமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். வைத்தியம் பலித்தாலும் போன முறை கிடைத்த மூன்று வாரம் இந்த முறை கிடைக்குமா என்று உறுதி சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் பலன் சுருங்குவதே வழக்கம். அண்ணன் வர நினைத்தால், நாள் பார்க்காமல் கிளம்பச் சொல்லுங்கள்.

நீங்கள் அழைக்கும்போது குழு மருத்துவர் வந்து பார்த்து, கை கால் சில்லிட்டு, சிறுநீர் சுண்டி, ஒரு மடக்குக் கூட இறங்காத நிலை வந்துவிட்டது என்று சொன்னால், நான் மேலே எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். நான் தாளைப் பார்க்கிறேன், அவர் அம்மாவைப் பார்க்கிறார்.

இனி சோடியம். 128. இயல்பு 135 முதல் 145 வரை. இதைப் பார்த்து உப்பைக் கூட்டினீர்கள். நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். ரசத்துக்கு அளவாகத்தான் உப்புப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது ரசம் சப்பென்று இருக்கிறது. போட்ட உப்பு எங்கும் போகவில்லை. புற்றுநோயில் சோடியம் குறைவது பல சமயம் இப்படித்தான். கட்டி, வலி, குமட்டல், சில மருந்துகள் எல்லாம் சேர்ந்து உடலைத் தண்ணீரைப் பிடித்து வைக்கச் செய்கின்றன. உங்கள் அம்மாவுக்குத் தயசைடு மாத்திரை கொஞ்சம் உப்பையும் வெளியே தள்ளியிருக்கும். கஞ்சியில் போடும் கூடுதல் உப்பு இந்த எண்ணைப் பெரிதாக அசைக்காது. தாகத்தைக் கூட்டும், காலை வீங்கவைக்கும்.

இணையத்தில் தேடியிருப்பீர்கள்; "சோடியம் குறைந்தால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது" என்று படித்திருப்பீர்கள். சில நோயாளிகளுக்கு அது சரி. கால்சியத்தால் வறண்டு கிடப்பவருக்குத் தண்ணீரை மறுப்பது எரிகிற வீட்டில் குழாயை மூடுவது மாதிரி. கேட்டால் கொடுங்கள்.

மெல்ல மெல்ல இறங்கிய 128ஐ உடல் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 120ஐ ஒட்டி இறங்கும்போது, அல்லது ஓரிரு நாளில் சடாரென்று இறங்கும்போதுதான் குழப்பமும் வலிப்பும் வரும். ஒரே நாளில் ஏற்றிவிடவும் கூடாது. 24 மணி நேரத்தில் 8 முதல் 10 வரைக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டே பாதிக்கப்படலாம். ஆகவே அம்மாவின் தூக்கத்துக்குச் சோடியத்தைக் காரணம் காட்ட மாட்டேன். மாத்திரையை நிறுத்துங்கள், உப்பைப் பழையபடி போடுங்கள், அதை அப்படியே விடுங்கள்.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி மருத்துவராக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, நுரையீரல் புற்றுநோயில் கடைசிக் கட்டத்தில் இருந்த ஒரு பெரியவரின் சோடியத்தை 121லிருந்து 131க்குக் கொண்டுவந்தேன். ஒன்பது நாள். தினமும் இரண்டு முறை ரத்தம், தண்ணீருக்குக் கட்டுப்பாடு, கட்டிலின் தலைமாட்டில் "ஒரு நாளைக்கு நான்கு கோப்பை" என்று எழுதிய அட்டை. காலைச் சுற்றில் 131 என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முதல் நாளைப் போலவே தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு முழங்கையும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அவர் மனைவி எதுவும் சொல்லவில்லை, போர்வையை இழுத்து அந்தக் கைகளை மூடினார். மறுநாள் அவர் போய்விட்டார். அந்த அட்டையை நான்தான் கழற்றினேன்.

பொட்டாசியம் 5.6க்கு வருவோம். மேல் எல்லை 5ஐச் சுற்றி. லோசார்ட்டான் ஒரு காரணம், வறண்ட சிறுநீரகம் இன்னொன்று. மூன்றாவது உங்கள் சமையலறையில் இருக்கலாம். வீட்டில் எல்லாரும் சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். 2022லிருந்து இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் இந்த வகை உப்பை ஊக்குவிக்கிறது. ரத்த அழுத்தம் உள்ள, சிறுநீரகம் நன்றாக இருக்கிற உங்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் நல்லதுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆகாது. நீங்கள் சோடியம் என்று நினைத்துக் கூட்டியதில் ஒரு பங்கு பொட்டாசியமாகப் போயிருக்கிறது. அம்மாவின் கஞ்சிக்கு மட்டும் பழைய கல்லுப்பை ஒரு சிட்டிகை போடுங்கள்.

மற்றபடி 5.6 அலறி ஓட வேண்டிய எண் இல்லை. 6.5ஐத் தொட்டால், அல்லது இதயத் துடிப்பில் மாற்றம் தெரிந்தால் கதை வேறு. வீட்டில் மெல்லிய நரம்பிலிருந்து சிரமப்பட்டு எடுத்த ரத்தம், வழியில் சிவப்பணுக்கள் உடைந்து, பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றிக் காட்டுவதும் உண்டு. எப்படியும் கால்சியத்துக்கு எடுக்கும் அதே ரத்தத்தில் இதையும் பார்த்துவிடுவார்கள்.

(உங்களுக்குத் தேவைப்படாது, வேறு வீடுகளுக்காக ஒரு வரி. வாந்தி, வயிற்றுப்போக்கு, கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃப்ரூசமைடு, ஸ்டீராய்டு ஆகியவற்றால் பொட்டாசியம் குறையவும் செய்யும். மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் மெக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருக்கும்வரை பொட்டாசியம் பிடிவாதமாகக் கீழேயே கிடக்கும். சிஸ்பிளாட்டின் கீமோவும், வருடக்கணக்கில் விழுங்கும் வயிற்று அமில மாத்திரையான ஒமிப்ரசோலும் மெக்னீசியத்தைக் குறைப்பவை.)

மார்ஃபினையும் மறக்கக் கூடாது. அம்மாவுக்கு வலிக்கு மார்ஃபின் போகிறது. சிறுநீரகம் வறண்டால் அதன் கழிவுகள் உடலில் தேங்கும். தூக்கம் கூடும், கை கால் திடீர் திடீரென்று வெட்டிக்கொள்ளும். அப்படி வெட்டுகிறதா என்று இன்று இரவு பாருங்கள். இருந்தால் அதையும் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது தோலில் ஒட்டும் ஃபெண்டனில் என்ற வலி மருந்துக்கு மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலி வந்தால் அம்மா தாங்க மாட்டார். ஐந்து நாள் மலச்சிக்கலே ஒருவரைப் பாதி குழப்பிவிடும். மலமிளக்கிகளான சென்னாவும் லாக்டுலோஸும் போதவில்லை என்றால், தாதி வந்து ஆசனவாய் வழியாக மருந்து வைத்து எடுத்துவிடுவார். அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அண்ணனுக்கு என்ன சொல்வது? முதலில், அவர் பாதி சரியாகச் சொல்கிறார் என்று சொல்லுங்கள். கால்சியம் ஏறியிருந்தால் டிரிப் வேண்டும், அது மருந்து, அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. ஆனால் "சும்மா தெம்புக்கு" ஏற்றும் டிரிப் வேறு. ஆல்புமின் 24 உள்ள உடம்பில் ஏற்றும் தண்ணீர் ரத்தக் குழாயில் தங்காது. காலிலும் முதுகிலும் நெஞ்சிலும் கசிந்துவிடும். கடைசி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சளி கட்டவும் அது காரணமாகலாம். அமெரிக்காவில், வாழ்நாளின் கடைசி வாரங்களில் இருந்த 129 புற்றுநோயாளிகளில் பாதிப் பேருக்குத் தினமும் ஒரு லிட்டரும், மீதிப் பேருக்கு வெறும் 100 மில்லியும் தோலுக்கடியில் ஏற்றிப் பார்த்தார்கள். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. 2013இல் முடிவு வந்தது: சோர்விலோ தூக்கத்திலோ குழப்பத்திலோ வாழ்ந்த நாளிலோ வித்தியாசம் தெரியவில்லை. அண்ணன் எண்களை நம்புகிறவர் போலத் தெரிகிறது, இதைச் சொல்லிப் பாருங்கள். அதைவிட நல்லது, மருத்துவர் வரும் நேரத்தில் அண்ணனை வீடியோ அழைப்பில் வைத்துவிடுங்கள். நீங்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சுமந்துபோய் இரண்டு பக்கமும் அடி வாங்க வேண்டியதில்லை.

"அம்மாவைச் சாக விடுறியா" என்ற வார்த்தைக்கு ஒரு பதில் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவால் முடிவெடுக்க முடியாத நிலையில், உயிர் காக்கும் சிகிச்சை பற்றிய முடிவைச் சிங்கப்பூரின் மனத்திறன் சட்டம் மகள் தலையிலோ மூத்த மகன் தலையிலோ வைக்கவில்லை. தனக்காக முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் எல்பிஏ பத்திரம் இருந்தாலும் அப்படித்தான். அம்மாவின் விருப்பத்தையும் குடும்பம் சொல்வதையும் கேட்டு, அம்மாவுக்கு எது நல்லது என்று மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் வேலை ஒன்றுதான்: பேத்தி முகத்தைப் பற்றி அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, மருத்துவரிடம் ஒப்பிப்பது. மொழிபெயர்த்துச் சுருக்கிவிடாதீர்கள்.

சோதனையில் கால்சியம் ஏறவில்லை என்று வந்தாலோ, ஐந்து நாளும் பலிக்காமல் போனாலோ, செய்ய எதுவுமில்லை என்று அர்த்தமாகாது. தடுமாறி எழப் பார்த்தால், பயந்தால், அதை அடக்கச் சிறு அளவில் ஹாலோபெரிடால் தருவார்கள். அப்போது வரும் தாகத்துக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த வாய். இரண்டு மணிக்கு ஒரு முறை பஞ்சுக் குச்சியை நனைத்து உதட்டின் உள்பக்கம், ஈறு, நாக்கு என்று ஒற்றியெடுங்கள். உதட்டுக்கு வாஸ்லின், பிராணவாயு வைத்திருந்தால் மட்டும் அதற்குப் பதில் தண்ணீரில் கரையும் களிம்பு. இதைப் பேத்தியும் செய்யலாம். பத்து வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நிதானமாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகக் கேட்ட இளநீர். ஒரு தம்ளர் இளநீரில் ஏறத்தாழ 400 முதல் 600 மி.கி. வரை பொட்டாசியம் இருக்கும், ஒரு வாழைப்பழத்துக்குக் குறையாது. ஆகவே ரத்த முடிவு வரும்வரை தம்ளர் வேண்டாம். அம்மா விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து, தலையணையை உயர்த்தி உட்காரவைத்து, கரண்டியால் நான்கைந்து முறை கொடுங்கள். விழுங்கிய பிறகு இருமுகிறாரா என்று ஒவ்வொரு கரண்டிக்கும் பாருங்கள். இருமினால் நிறுத்திவிட்டுப் பஞ்சுக் குச்சியில் தொட்டு நாக்கில் வையுங்கள். முடிவு வந்து, இனி மருத்துவமனையும் இல்லை, ரத்தம் எடுப்பதும் இல்லை என்று ஆகிவிட்டால் பொட்டாசியத்தை யாரும் எண்ணப் போவதில்லை. அன்றைக்குத் தேக்கா சந்தையில் நல்ல இளசாக இரண்டு வாங்கி வந்து, அவர் போதும் என்று தலையசைக்கும் வரைக்கும் கொடுங்கள்.